வீட்டில் நடந்ததற்கு ஒரு பாட்டு: பொருத்தமாகத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் பெரிய நிகழ்வுகளுக்குப் பாட்டுத் தேடவேண்டிய தேவை இல்லை. கலியாண வீட்டில் லவுட்ஸ்பீக்கரைத் தென்னையில் கட்டிவிட்டால் ‘வாராய் என் தோழி வாராயோ’ தானாக வந்துவிடும். கோயில் திருவிழா என்றால் சீர்காழி கோவிந்தராஜனின் ‘விநாயகனே வினை தீர்ப்பவனே’. செத்த வீட்டில் திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணம். இவையெல்லாம் ஊர் முடிவு செய்துவைத்தவை, அவற்றில் நாங்கள் கைவைக்க வேண்டாம்.

சின்ன நிகழ்வுகளுக்குத்தான் பாட்டு இல்லை. கிணற்று மோட்டர் எரிந்துபோகிறது. தம்பியின் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) பெறுபேறு வருகிறது. கனடாவிலிருந்து பெரியம்மா பனி கொட்டும் வீடியோ அனுப்புகிறா. வேலியோரத்து முருங்கை காற்றில் முறிந்து பக்கத்து வீட்டுக் கூரையில் விழுகிறது. ஒரு கிழமை கழித்துக் கேட்டால் ஒருவருக்கும் சரியாக நினைவிருக்காது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டைப் பொருத்திவைத்தால் ஆண்டு கழித்து அந்தப் பாட்டு எங்கேயாவது மினிபஸ்ஸில் ஒலிக்கும்போதும் அந்த நாள் முழுவதாகத் திரும்பி வரும்.

இது புதிய பழக்கம் இல்லை. இலங்கை வானொலியின் ‘இசையும் கதையும்’ நிகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு உடனே விளங்கும். நேயர் எழுதிய கதையை அறிவிப்பாளர் வாசிப்பார், கதை ஒரு இடத்தில் நிற்கும், அந்த இடத்துக்கென்றே எழுதியதுபோல ஒரு திரைப்பாடல் வரும். காதல், பிரிவு, வறுமை என்று அந்தக் கதைகளில் நடப்பவை பெரும்பாலும் ஒன்றுதான். ஆனால் பாட்டு வந்து விழும் இடம் சரியாக இருந்தால் அடுப்படியில் நிற்பவர்கள்கூட அகப்பையை வைத்துவிட்டுக் கேட்பார்கள். அந்தக் கலையை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவருவதற்கான வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதற்படி: கடந்த ஏழு நாட்களை எழுதுங்கள்

ஒரு கொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். போனில் எழுதினாலும் சரி, ஆனால் கொப்பி நல்லது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். கடந்த ஏழு நாட்களில் வீட்டில் நடந்தவற்றை ஒவ்வொரு வரியாக எழுதுங்கள். ஏழு நாள் என்ற எல்லையை மீற வேண்டாம். பழைய நிகழ்வுகளுக்கு நினைவு ஏற்கெனவே ஒரு பாட்டை ஒட்டிவைத்திருக்கும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் முற்றத்தில் பாய் விரித்துக் கிடந்தோமே, அதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாட்டு இருக்கிறது. அதை மாற்ற முடியாது. புதிய நிகழ்வுதான் பாட்டை ஏற்கும்.

எழுதும்போது உணர்ச்சியை எழுதாதீர்கள், நடந்ததை எழுதுங்கள். ‘கவலையாக இருந்தது’ என்று எழுதினால் ஆயிரம் பாட்டுப் பொருந்தும், ஒன்றும் ஒட்டாது. ‘சின்னண்ணா பலாலி விமான நிலையத்தில் உள்ளே போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை’ என்று எழுதினால் தேடவேண்டிய பாட்டு எது என்று பாதி தெரிந்துவிடும்.

எழுதிய வரிகளில் மூன்றை மட்டும் தெரிவு செய்யுங்கள். அதற்கு மேல் போனால் வாரமும் பாட்டும் கலந்துவிடும்.

இரண்டாம் படி: நிகழ்வின் நடு எது என்று பாருங்கள்

இந்தப் படிதான் முக்கியம், இதில் நேரம் எடுங்கள். ஒரு நிகழ்வுக்கு வெளியில் ஒரு பெயர் இருக்கும், உள்ளே வேறொன்று நடந்திருக்கும். பாட்டு உள்ளே இருப்பதற்குத்தான்.

கிணற்று மோட்டரை எடுத்துக்கொள்வோம். மோட்டர் எரிந்துவிட்டது, திருத்த இரண்டு மூன்று நாள் ஆகும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். வெளிப்பெயர் ‘பழுது’, ‘செலவு’. அந்தப் பெயரை வைத்துத் தேடினால் அலுப்பான பாட்டுகள்தான் வரும். ஆனால் அந்த இரண்டு மூன்று நாளும் நடந்தது என்ன? பழைய வாளியும் கயிறும் கொட்டிலிலிருந்து வெளியே வந்தன. ஷவரில் ஐந்து நிமிடத்தில் குளித்துவிட்டு ஓடும் பிள்ளைகள் கிணற்றடியில் ஒரு மணித்தியாலம் நின்றார்கள். பத்து வயதுப் பொடிச்சி தானே அள்ளி ஊற்றவேண்டும் என்று அடம்பிடித்து, பாதி வாளித் தண்ணீரை மிதிகல்லிலேயே சிந்தினாள். மோட்டர் வேலை செய்யத் தொடங்கியபோது அவளுக்குத்தான் ஏமாற்றம். அந்த நிகழ்வின் நடு அவளுடைய ஆசைதான். அதற்கு ‘சின்னச் சின்ன ஆசை’ போதும். 1992இல் ‘ரோஜா’வில் ஏ.ஆர். ரகுமானின் முதற்படப் பாடல், வைரமுத்து எழுதியது, மின்மினி பாடியது. இனி அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் அந்த வீட்டில் வாளிச் சத்தமும் சேர்ந்து கேட்கும்.

பிரிவுகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். எங்கள் ஊரில் பிரிவு குறைவில்லை. யாராவது வெளிநாடு போனால் உடனே ‘விடை கொடு எங்கள் நாடே’ போடுகிறார்கள். ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில் எம்.எஸ். விஸ்வநாதனின் முதிர்ந்த குரலோடு வரும் அந்தப் பாட்டு, போரில் ஊரையே விட்டு ஓடும் சனங்களின் பாட்டு. திரும்பி வருவோமா என்று தெரியாமல் போனவர்கள் எங்கள் வீடுகளிலேயே இருக்கிறார்கள். நாலு வருடம் படித்துவிட்டு விடுமுறைக்கு விடுமுறை வரப்போகும் பிள்ளைக்கு அந்தப் பாட்டைப் போட்டால் பிள்ளைக்கும் பாரம், பாட்டுக்கும் அநியாயம். அந்தப் பிள்ளை விட்டுப்போவது ஊரை அல்ல, கூட ரியூசனுக்குச் சைக்கிளில் போன நாலு நண்பர்களை. அதற்கு ‘காதல் தேசம்’ படத்தின் ‘முஸ்தபா முஸ்தபா’ நூறு மடங்கு பொருத்தம்.

நடுவைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி உதவும்: இதைப் பற்றி வீட்டில் திரும்பத் திரும்பக் கதைக்கும்போது எந்த ஒரு காட்சியைச் சொல்கிறோம்? அந்தக் காட்சிதான் நடு.

மூன்றாம் படி: பல்லவியோடு நிற்காமல் முழுப் பாட்டையும் கேளுங்கள்

பாட்டின் முதல் வரி பொருந்தினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ‘போனால் போகட்டும் போடா’ என்ற வரியைக் கேட்டால் போன் தொலைந்ததற்கும் பஸ் தவறியதற்கும் போடலாம்போலத்தான் இருக்கும். 1961இல் ‘பாலும் பழமும்’ படத்தில், மனைவி இறந்துவிட்டதாக நம்பும் மருத்துவர் பாடும் பாட்டு அது. சரணத்துக்குள் போனால் முழுவதும் சாவைப் பற்றித்தான் கண்ணதாசன் எழுதியிருக்கிறார். வீட்டில் அண்மையில் யாரையாவது இழந்த ஒருவர் இருந்தால், போனுக்காகப் போட்ட பாட்டு அவரைப் போய்த் தாக்கும்.

இதற்கு மாறாக, முழுவதும் கேட்டதால் கிடைக்கும் பொருத்தமும் உண்டு. ‘புது வெள்ளை மழை’ பாட்டை இங்கே பலர் மாரி மழைக்குப் போடுகிறார்கள். அது மழையே இல்லை, பனி. ‘ரோஜா’ படத்தில் நாயகனும் நாயகியும் நிற்பது காஷ்மீர்ப் பனியில். மார்கழியில் ரொறன்ரோவிலிருந்து பெரியம்மா வாசலில் பனி அள்ளும் வீடியோ அனுப்பினால் அதற்கென்றே பிறந்த பாட்டு இதுதான். பனியைக் கண்ணால் காணாத அம்மம்மாவுக்கு அந்த வீடியோவையும் பாட்டையும் ஒன்றாகக் காட்டிப் பாருங்கள். “இதுக்குள்ளயோ பிள்ளை வேலைக்குப் போறாள்?” என்று அவ கேட்பது வரைக்கும் காத்திருங்கள்.

எங்கள் மழைக்கு வேறு பாட்டு வேண்டும். ஆவணி, புரட்டாதி வரை காய்ந்து கிடந்த மண்ணில் ஐப்பசியில் முதல் மழை விழும் அன்றைக்கு ‘மௌன ராகம்’ படத்தின் ‘ஓஹோ மேகம் வந்ததோ’ சரியாக இருக்கும். ஜானகியின் குரலில் நனைவதற்கென்றே ஓடும் துள்ளல் இருக்கிறது. ஆனால் அதே மழை கார்த்திகையில் விடாமல் பெய்து வெள்ளம் படியேறினால் அந்தப் பாட்டைத் தொடாதீர்கள். முதல் மழையும் நாலாம் நாள் மழையும் வேறு வேறு நிகழ்வுகள்.

நான்காம் படி: எங்கள் மண்ணின் பாட்டுகளை முதலில் தேடுங்கள்

சினிமாவுக்குப் போவதற்கு முன் ஊருக்குள் ஒருமுறை தேடிப்பாருங்கள். நவாலியூர் சோமசுந்தரப் புலவரை விட்டுவிட்டு இங்கே யாரும் பாட்டுத் தேடக்கூடாது. ‘ஆடிப்பிறப்புக்கு நாளை விடுதலை’ எல்லோருக்கும் தெரியும். ஆடி முதலாம் திகதி கூழும் கொழுக்கட்டையும் செய்தால் அதற்கு வேறு பாட்டுப் பொருத்துவது வீண்வேலை. ஆனால் ‘கத்தரித் தோட்டத்து வெருளி’யைப் பலர் பாடப்புத்தகத்தோடு மறந்துவிட்டார்கள். தோட்டத்தில் அப்பா பழைய சேட்டைப் போட்டுப் புது வெருளி கட்டிய வாரத்தில் அதைப் பிள்ளைகளோடு சேர்ந்து வாய்விட்டுப் பாடுங்கள். ஒலிப்பதிவு தேவையில்லை. புலவர் மறைந்தது 1953இல், அவருடைய வரிகள் இன்னும் நாலு வயதுப் பிள்ளையின் நாக்கில் சிரமமில்லாமல் உட்காருகின்றன.

அடுத்தது எங்கள் பொப் பாடல்கள். உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ கலியாணப் பேச்சுத் தொடங்கிய வீட்டுக்கு அருமையான பாட்டு. மாப்பிள்ளை பகுதியினர் வந்து தேநீர் குடித்துவிட்டுப் போன அன்று இரவு, பெண்ணுடைய அண்ணன்மார் அவளைச் சீண்டுவதற்கு அதைவிட நல்லது கிடையாது. அவரே பாடிய ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ விஷயத்தில் கவனம் வேண்டும். குடியை விட்ட சித்தப்பாவுக்கு அதை அனுப்பினால் குத்திக்காட்டியதாகிவிடும். அவர் தானாக அதைப் பாடிச் சிரிக்கும் நாள் வரட்டும், அன்றைக்கு அந்த நிகழ்வோடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

நல்லூர்க் கொடியேறிய இருபத்தைந்து நாளும் வீட்டில் எல்லா நிகழ்வும் கோயிலைச் சுற்றியே நடக்கும். தேர் அன்று வெயிலில் நின்று களைத்து வந்து திண்ணையில் சாயும்போது யோகர் சுவாமியின் ‘நல்லூரான் திருவடியை’ கேளுங்கள். களைப்புக்குப் பாட்டுப் பொருத்தியது மாதிரியே இருக்காது, களைப்பு எங்கே போனது என்று தேடுவீர்கள்.

சொல்லே பொருந்தாத நிகழ்வுகளும் உண்டு. குழந்தை பிறந்த செய்தி விடியற்காலையில் வந்தது. புது வீட்டுக்குக் குடிபுகுந்து முதன்முதல் பால் பொங்கியது. இப்படியான நேரத்தில் எந்தப் பாட்டின் வரியும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லும், அல்லது குறைத்துச் சொல்லும். அப்போது நாதஸ்வரத்துக்குப் போங்கள். அளவெட்டி என்.கே. பத்மநாதனின் வாசிப்பு இருக்கிறது. 1975இல் மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தின் பெயரைத் தமிழ்நாட்டுக் கச்சேரி மேடைகளில் ஒலிக்கவைத்தவர் அவர். வீட்டுக்கு ஒரு பிள்ளை வந்த சந்தோஷத்தை அந்தத் தவில் சொல்வதுபோல ஒரு பாடகரும் சொல்லமுடியாது என்றே நான் நினைக்கிறேன்.

ஐந்தாம் படி: யாருக்கான பாட்டு என்று முடிவு செய்யுங்கள்

ஒரே நிகழ்வு வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று. பெறுபேறு வந்த நாளைப் பாருங்கள். தம்பிக்கு மூன்று பாடமும் சித்தி, ஆனால் இசட் புள்ளி பல்கலைக்கழகம் போவதற்கான வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே. அம்மாவுக்கு அவன் சித்தியடைந்ததே பெரிய ஆறுதல். அப்பா ஒன்றும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்திக்குப் போய்விட்டார். தம்பி அறைக்கதவைச் சாத்திக்கொண்டான்.

இந்த இடத்தில் ‘ஒவ்வொரு பூக்களுமே’ எல்லோருடைய கைக்கும் முதலில் வரும். 2004இல் ‘ஆட்டோகிராப்’ படத்தில் வந்து, பாடிய சித்ராவுக்கும் எழுதிய பா. விஜய்க்கும் தேசிய விருது வாங்கிக்கொடுத்த நல்ல பாட்டு. ஆனால் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாக்களில் கேட்டுக் கேட்டு, அது தம்பிக்கு அதிபரின் பேச்சு மாதிரி ஒலிக்கும். ‘வெற்றி நிச்சயம்’ இன்னும் கொடுமை, அவன் தோற்றுவிட்டதாக நினைக்கும் நாளில்.

நான் தெரிவு செய்வது ‘மயக்கமா கலக்கமா’. 1962இல் ‘சுமைதாங்கி’ படத்துக்கு கண்ணதாசன் எழுதி, பி.பி. ஸ்ரீநிவாஸ் பாடியது. சென்னையில் வாய்ப்புக் கிடைக்காமல் ஊருக்கே திரும்பிவிடலாம் என்று முடிவெடுத்திருந்த வாலி, ஸ்ரீநிவாஸ் இந்தப் பாட்டைப் பாடிக்காட்டக் கேட்டு மனம் மாறி அங்கேயே தங்கிவிட்டார். வாலியே பல இடங்களில் சொன்ன செய்தி இது. அந்தக் கதையைத் தம்பியிடம் சொல்லிவிட்டுப் பாட்டைப் போடுங்கள். அதட்டாத, அவசரப்படுத்தாத குரல் அது. பரீட்சையை இரண்டாந்தரம் எடுப்பதா இல்லையா என்பதைப் பற்றி அன்றைக்கு ஒன்றும் கதைக்க வேண்டாம். பாட்டு முடிந்ததும் சாப்பிடக் கூப்பிடுங்கள், அவ்வளவுதான்.

அம்மாவின் ஆறுதலுக்கும் அப்பாவின் மௌனத்துக்கும் வேறு பாட்டுகள் வேண்டுமென்றால் கொப்பியில் தனித்தனி வரியாக எழுதலாம். ஒரு பாட்டை மூவருக்கும் பொதுவாக்கப் பார்த்தால் ஒருவருக்கும் பொருந்தாது.

ஆறாம் படி: எப்போது போடக்கூடாது என்பது

சாவு நடந்த வீட்டுக்குப் பக்கத்தில் றேடியோ போடுவதில்லை என்பது எங்கள் ஊரில் சொல்லிக்கொடுக்காமலே வந்த மரியாதை. அதே மரியாதையைப் போனுக்கும் கொடுங்கள். பக்கத்து வீட்டு ஆச்சி காலமானால் அந்த வாரக் கொப்பியில் அவவின் பெயரை மட்டும் எழுதி, பாட்டுக்கான இடத்தை வெறுமையாக விடுங்கள். அந்தியேட்டிக் கிரியைகள் முடியட்டும். பிறகு அவவின் பிள்ளைகளிடம் கேளுங்கள், “ஆச்சிக்கு எந்தப் பாட்டு விருப்பம்?” என்று. ‘வீடு வரை உறவு’ என்று ஊரே போடும் பாட்டைவிட, ஆச்சி மா இடிக்கும்போது முணுமுணுத்த பாட்டுத்தான் அந்த இடத்துக்கு உரியது. அது ஒரு குத்துப்பாட்டாக இருந்தாலும் அதையே எழுதுங்கள்.

கோபமாக இருக்கும் ஒருவருக்குப் பாட்டு அனுப்புவதையும் தவிர்க்கலாம். முறிந்து விழுந்த முருங்கைக்குப் பாட்டுத் தேடுவதற்கு முன் பக்கத்து வீட்டுக் கூரையைத் திருத்திக்கொடுங்கள்.

ஏழாம் படி: முன்னுரையும் அனுப்பும் நேரமும்

பாட்டைத் தனியாக அனுப்பினால் கேட்பவருக்கு விளங்காது. வட்ஸ்அப்பில் குரல்பதிவாக இரண்டு வசனம் சொல்லுங்கள். அந்தக் கால இலங்கை வானொலி அறிவிப்பாளர்களிடம் கற்கவேண்டியது இதைத்தான். பி.எச். அப்துல் ஹமீதின் அறிவிப்பைக் கவனித்தால் தெரியும், ஒவ்வொரு சொல்லும் முழுதாக ஒலிக்கும், சொல்லவேண்டியது முடிந்ததும் பாட்டுக்கு வழிவிட்டுவிடுவார்.

இப்படிச் சொல்லலாம்: “பெரியம்மா, மோட்டர் பழுதாகி மூண்டு நாள் கிணத்திலதான் குளிச்சம். பொடிச்சிக்கு இனி ஷவர் வேண்டாமாம்.” பிறகு பாட்டு. ஏன் இந்தப் பாட்டைத் தெரிவு செய்தேன் என்று விளக்கம் சொல்லத் தேவையில்லை. கேட்பவர் தானாகக் கண்டுபிடிக்கும் சந்தோஷத்தை எடுத்துவிடாதீர்கள்.

நேரத்தையும் பாருங்கள். கோடையில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. லண்டன் நாலரை அல்லது ஐந்தரை. இங்கே இரவு எட்டு மணிக்கு அனுப்பினால் கோடையில் ரொறன்ரோவில் காலை பத்தரை, லண்டனில் பின்னேரம் மூன்றரை. ஞாயிறு என்றால் இரண்டு இடத்திலும் ஆறுதலாகக் கேட்பார்கள். வேலை நாளில் அனுப்பும் பாட்டைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள், பாதிப் பாட்டால் பயனில்லை.

எட்டாம் படி: பதிந்து வையுங்கள்

கொப்பியில் நாலு பகுதி போதும்: திகதி, நடந்தது, பாட்டின் முதல் வரியும் படமும், யார் சொன்ன பாட்டு. கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள். அப்பா ஒருநாளும் பாட்டைப் பற்றிக் கதைக்காதவர், அவர் சொன்ன ஒரே பாட்டு எது என்பது பின்னுக்கு எல்லாவற்றையும்விடப் பெறுமதியாக இருக்கும்.

யூரியூப் இணைப்பை மட்டும் நம்பி வைக்காதீர்கள். இன்றைக்கு இருக்கும் வீடியோ நாளைக்கு எடுபட்டுவிடும், போன் மாறினால் பட்டியலும் போய்விடும். கொப்பியில் பாட்டின் முதல் வரி இருந்தால் எந்தக் காலத்திலும் திரும்பத் தேடிக்கொள்ளலாம். கொப்பி நல்லது என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். இன்னொரு காரணமும் உண்டு: போனுக்குக் கடவுச்சொல் இருக்கும், கொப்பியை அம்மம்மாவும் எடுத்துப் பார்ப்பா, தன் கையால் ஒரு வரி சேர்ப்பா.

தைப்பொங்கல் அன்று பின்னேரம், பொங்கிச் சாப்பிட்டு எல்லோரும் திண்ணையில் இருக்கும் நேரத்தில் அந்த ஆண்டுக் கொப்பியைத் திறவுங்கள். ஒருவர் நிகழ்வை மட்டும் வாசிக்கவேண்டும். மற்றவர்கள் பாட்டைச் சொல்லவேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்களைப் போனில் எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் இணைப்பில் சத்தம் பிந்தி வருவதால் அவர்களுக்கு முதல் வாய்ப்பைக் கொடுங்கள். யாராவது கொப்பியில் இருப்பதைவிடப் பொருத்தமான பாட்டொன்றைச் சொன்னால் பழையதை வெட்டாமல் பக்கத்தில் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.